ஐந்நூறு வருஷச் சந்தேகம்: ஓசிடியின் கதை

ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ஒரு கேள்வி. "எனக்குக் கொஞ்சம் ஓசிடி இருக்குப்பா" என்று கடைசியா யார் சொல்லிக் கேட்டீங்க? என் ஆபீஸில் வாரத்துக்கு ஒரு தடவையாவது காதில் விழும். கோடில் ஒரு ஸ்பேஸ் கூடிட்டா பிடிக்காது, டெஸ்க்கில் பேனா நேரா இருக்கணும், ஷெல்ஃபில் புத்தகம் உயர வரிசைப்படி நிக்கணும். இது எல்லாத்துக்கும் இப்போ அதுதான் பேர்.

யாரும் கெட்ட எண்ணத்தில் சொல்றதில்லை. ஆனா அந்த மூணு எழுத்துக்குப் பின்னாடி நீளமான ஒரு வரலாறு இருக்கு. அதில் ஒரு துறவி வர்றார், கணக்கு எழுத பயந்த ஒரு பிரெஞ்சுப் பெண் வர்றார், வியன்னா டாக்டர் ஒருத்தர், தண்ணீர்க் குழாயை மூடிய லண்டன் நர்ஸுகள், சண்டிகர் ஆராய்ச்சியாளர்கள் எல்லாரும் வர்றாங்க. இன்னைக்கு எபிசோட் அந்த வரலாறுதான்.

முதலில் அடிப்படை. ஓசிடி என்றால் அப்செசிவ் கம்பல்சிவ் டிஸார்டர். தமிழ்ப் பத்திரிகைகளில் 'எண்ணச் சுழற்சி நோய்' என்று எழுதுறாங்க. இதில் இரண்டு பாகம். முதல் பாகம், வேண்டாம் என்று சொன்னாலும் திரும்பத் திரும்ப வருகிற ஒரு எண்ணம், பயம், அல்லது காட்சி. இரண்டாவது பாகம், அந்தப் பயத்தை அடக்குவதற்காகச் செய்கிற ஒரு செயல். கை கழுவுவது, பூட்டை இழுத்துப் பார்ப்பது, எண்ணுவது, மனசுக்குள்ளேயே ஒரு மந்திரம் சொல்வது. செயலைச் செய்தால் கொஞ்ச நேரம் நிம்மதி. பிறகு எண்ணம் மறுபடி வரும், இன்னும் பலமாக. நம்ம பாஷையில் சொன்னா, வெளியே வர கண்டிஷனே எழுதாத ஒரு லூப்.

செருப்புக்குள் ஒரு கல்

1521-இல் ஸ்பெயினில் பாம்ப்லோனா கோட்டைச் சண்டையில் ஒரு வீரருக்குப் பீரங்கிக் குண்டு பட்டுக் கால் உடைந்தது. படுக்கையில் கிடந்தபோது அவர் மனம் ஆன்மிகம் பக்கம் திரும்பியது. அடுத்த வருஷம் மன்ரேசா என்ற ஊரில் போய்த் தவ வாழ்க்கை வாழ்ந்தார். பேர் இக்னேஷியஸ் லயோலா. ஆமா, நம்ம நுங்கம்பாக்கம் லயோலா காலேஜ் பேரில் இருக்கிற அதே லயோலா. பின்னாளில் இயேசு சபையைத் தொடங்கியவர்.

தன் பாவங்களை எல்லாம் எழுதி, மூன்று நாள் எடுத்து, முழுசாகப் பாவசங்கீர்த்தனம் செய்திருந்தார். அதோடு முடிந்திருக்கணும். ஆனா மன்ரேசாவில் சந்தேகம் ஆரம்பித்தது. ஏதாவது ஒன்றை விட்டுட்டேனோ? சரியாகச் சொல்லலையோ? மறுபடி போய்ச் சொன்னார். மறுபடி சந்தேகம். இது மாசக்கணக்கில் நீண்டது. ஒரு கட்டத்தில் உயிரை விட்டுடலாமா என்கிற அளவுக்குப் போனார். இதையெல்லாம் அவரே தன் சுயசரிதையில் சொல்லியிருக்கிறார்.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்த ஒரு விவரம் உண்டு. அவருடைய குரு ஒரு கட்டளை போட்டார்: பழைய பாவங்களை இனிமேல் சொல்லக் கூடாது, ரொம்பத் தெளிவாகத் தெரிந்தவை தவிர. எவ்வளவு நல்ல யோசனை! ஆனா கடைசியில் வைத்த அந்த 'தவிர'தான் பிரச்சினை. சந்தேகத்தில் இருப்பவருக்கு எல்லாமே ரொம்பத் தெளிவாகத்தான் தெரியும். கட்டளை பலிக்கவில்லை. கடைசியில் அவரே முடிவெடுத்தார்: பழசை இனிமேல் எதற்காகவும் சொல்லப்போவதில்லை, விதிவிலக்கே கிடையாது. அப்போதுதான் விடுதலை கிடைத்தது என்கிறார்.

அவருக்கு ஓசிடி இருந்தது என்று நான் சொல்லவில்லை. 500 வருஷத்துக்கு முன்னாடி வாழ்ந்தவருக்கு டயக்னோஸிஸ் எழுதுறது நம்ம வேலை இல்லை. ஆனா இந்த அனுபவம் அந்தக் காலத்துத் திருச்சபைக்கு நன்றாகத் தெரிந்த ஒன்று. அதற்கு ஸ்க்ரூப்பிள் என்று பேரே இருந்தது. லத்தீனில் ஸ்க்ரூபுலுஸ் என்றால் கூரான சின்னக் கல். செருப்புக்குள் மாட்டிய கல் மாதிரி, ஒவ்வோர் அடிக்கும் குத்தும்.

இங்கிலாந்தில் ஜான் பன்யன் என்ற போதகர் 1666-இல் வெளியிட்ட தன் வரலாற்றிலும் இதே வலி இருக்கு. தான் உயிராக நேசிக்கிற கடவுளையே விற்றுவிடு என்று ஓர் எண்ணம் இரவும் பகலும் உள்ளே அடித்துக்கொண்டே இருந்ததையும், அதை எதிர்த்து எதிர்த்து ஓய்ந்துபோனதையும் விவரிக்கிறார். பக்தி இல்லாதவருக்கு அந்த எண்ணம் வந்திருந்தால் கண்டுக்கவே மாட்டார். பன்யனுக்கு அது நரகம். இதை ஞாபகத்தில் வைங்க, பின்னாடி தேவைப்படும்.

இந்தக் காலகட்டத்தில் இதற்குப் பேர் பாவம், அல்லது சாத்தானின் சோதனை. வெட்கப்பட வேண்டியவர் அந்த எண்ணம் வந்தவர்.

கோயிலிலிருந்து ஆஸ்பத்திரிக்கு

1838-இல் பாரிஸில் எஸ்கிரோல் என்ற மனநல மருத்துவர் ஒரு பெரிய புத்தகம் வெளியிட்டார். அதில் மத்மசெல் எஃப் என்று ஒரு பெண் வருகிறார். வயது 34. புத்திசாலி, நன்றாகப் பேசுபவர். அவருடைய கதை 18 வயதில் தொடங்குகிறது. அத்தை வீட்டுக்குப் போய்விட்டுக் கிளம்பும்போது திடீரென்று ஒரு பயம்: என் ஏப்ரன் பாக்கெட்டில் தெரியாமல் அத்தையின் பொருள் எதையாவது எடுத்துட்டு வந்துட்டேனோ?

அது வளர்ந்தது. கணக்கு எழுதினால் ஓர் எண்ணை மாற்றி எழுதி யாருக்காவது நஷ்டம் செய்துவிடுவேனோ என்ற பயம். காசைத் தொட்டால் விரலில் ஏதாவது ஒட்டிக்கொண்டு வந்துவிடுமோ என்ற பயம். கை தேய்ப்பது, கழுவுவது, துணியை உதறிப் பார்ப்பது என்று நாள் முழுக்க அதிலேயே போனது. முக்கியமான விஷயம், இது அர்த்தமில்லாதது என்று அவருக்கே தெரியும். தன்னைத்தானே கிண்டல்கூடச் செய்வார். ஆனா நிறுத்த முடியாது.

மருத்துவர்களைக் குழப்பியது இதுதான். பைத்தியம் என்றால் உண்மை எது, பொய் எது என்று தெரியக்கூடாது. இவருக்குத் தெரிகிறதே? எஸ்கிரோல் இதை மோனோமேனியா என்ற பெட்டிக்குள் போட்டார். அதாவது ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் கோளாறு. பிரெஞ்சு மருத்துவர்கள் பிறகு இதற்கு வைத்த பேர் இன்னும் அழகு: சந்தேகத்தின் பைத்தியம். 1875-இல் லெக்ரான் து சோல் அந்தப் பேரிலேயே ஒரு நூல் எழுதினார்.

1877-இல் பெர்லினில் கார்ல் வெஸ்ட்ஃபால் கணக்கைச் சரிசெய்தார். இவர்களுடைய அறிவு முழுசாக இருக்கிறது, எண்ணம்தான் அவர்கள் விருப்பத்துக்கு எதிராக வலுக்கட்டாயமாக நுழைகிறது என்றார். அதற்கு அவர் வைத்த ஜெர்மன் சொல்லில் ட்ஸ்வாங், அதாவது கட்டாயம், என்ற பகுதி இருந்தது. லண்டனில் இதை அப்செஷன் என்று மொழிபெயர்த்தார்கள், அமெரிக்காவில் கம்பல்ஷன் என்றார்கள். கடைசியில் இரண்டையும் சேர்த்து ஒட்டியதுதான் இன்றைய பேர். அப்செஷன் என்பதற்கு லத்தீன் வேர் என்ன தெரியுமா? முற்றுகை. கோட்டை உள்ளே நல்லாத்தான் இருக்கும், சுற்றிலும் எதிரி நிற்பான். இதைவிடச் சரியாகச் சொல்ல முடியாது.

பாவம் என்ற பழி போனது. பதிலுக்குப் பைத்தியம் என்ற பேர் வந்தது. பரம்பரைக் கோளாறு என்று பேசப்பட்ட காலம் அது, அதனால் வெட்கம் இப்போது குடும்பம் முழுவதற்கும் பரவியது.

அம்மா மேல் விழுந்த பழி

அடுத்து வியன்னா. 1909-இல் ஃப்ராய்ட் ஓர் இளம் வக்கீலின் கேஸை வெளியிட்டார். தன் அப்பாவுக்கும் தான் காதலிக்கிற பெண்ணுக்கும் கொடூரமாக ஏதோ நடந்துவிடும் என்ற எண்ணம் அவரை வாட்டியது. அப்பா ஏற்கனவே இறந்துபோயிருந்தார், அப்படியும் பயம் விடவில்லை.

ஃப்ராய்டுக்கு நியாயம் செய்யணும். இந்த எண்ணங்களுக்கு அர்த்தம் இருக்கும், உட்கார்ந்து கேட்போம் என்று நோயாளிக்குக் காது கொடுத்தவர் அவர். ஆனா அவர் பள்ளி வளர்த்த விளக்கம், குழந்தைப் பருவத்தில் கழிப்பறைப் பழக்கம் கற்றுத்தரும் கட்டத்தில் வேரைத் தேடியது. கண்டிப்பான வளர்ப்பு என்று பேச்சு போனது. பழி யார் மேல் விழும்? பெரும்பாலும் அம்மா மேல்தான். பிரச்சினை என்னவென்றால், வருஷக்கணக்கில் பேசியும் பலருக்குக் கை கழுவுவது நிற்கவில்லை. இருபதாம் நூற்றாண்டின் நடுவில் ஓசிடி என்றால் குணமாகாது என்ற எண்ணம் மருத்துவர்களிடமே இருந்தது. தீவிரமான சிலருக்கு மூளை அறுவை சிகிச்சை வரை போனார்கள்.

குழாயை மூடிய நர்ஸ்

1966. லண்டன் மிடில்செக்ஸ் மருத்துவமனை. விக்டர் மேயர் என்ற உளவியலாளர் இரண்டே இரண்டு நோயாளிகளைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். வரலாறு அங்கே திரும்பியது.

முதல் நோயாளி ஒரு பள்ளி ஆசிரியை. அழுக்குப் பயம், ஓயாத கழுவல். மேயர் அவருடைய கடந்த காலத்தைத் தோண்டவில்லை. அவர் பயப்படும் பொருட்களைத் தொட வைத்தார். பிறகு கழுவவிடாமல், நர்ஸுகள் கூடவே இருந்தார்கள். அறையில் குழாய் மூடப்பட்டது. இன்னொரு நோயாளிக்கு, பன்யனுக்கு வந்த மாதிரி, தெய்வ நிந்தனை எண்ணங்கள். அவருக்கும் இதே வழி: எண்ணம் வரட்டும், பரிகாரச் சடங்கு மட்டும் வேண்டாம்.

என்ன நடந்தது? பயம் உச்சத்துக்குப் போனது, பிறகு தானாகவே இறங்கியது. உலகம் இடியவில்லை. கழுவினால்தான் பயம் இறங்கும் என்று மூளை இத்தனை வருஷம் நம்பியிருந்தது. கழுவிக்கொண்டே இருந்ததால் அந்த நம்பிக்கையைச் சோதித்துப் பார்க்கவே அதற்கு வாய்ப்புக் கிடைக்கவில்லை. இரண்டு பேருக்கும் நல்ல முன்னேற்றம்.

லண்டன் மாட்ஸ்லி மருத்துவமனையில் ராக்மன், ஹாட்ஜ்சன், மார்க்ஸ் போன்றவர்களும், பிறகு அமெரிக்காவில் எட்னா ஃபோவாவும் இதை முறைப்படுத்தினார்கள். இன்று இதற்குப் பேர் எக்ஸ்போஷர் அண்ட் ரெஸ்பான்ஸ் ப்ரிவென்ஷன், சுருக்கமாக ஈஆர்பி. சாஃப்ட்வேர்காரங்களுக்கு ஈஆர்பி என்றாலே வேறொரு பயம், அது தனி எபிசோட். இன்றைக்கு யாரையும் பூட்டி வைத்துச் செய்வதில்லை. நோயாளியும் தெரபிஸ்டும் சேர்ந்து பட்டியல் போட்டு, சின்னப் பயத்திலிருந்து படிப்படியாக ஏறுவார்கள்.

யோசிச்சுப் பாருங்க. மன்ரேசாவில் லயோலா கடைசியில் எடுத்த முடிவும் கிட்டத்தட்ட இதுதானே? சந்தேகத்துக்குப் பதில் சொல்வதை நிறுத்துவது. 'தவிர' இல்லாமல்.

அந்த எண்ணம் எல்லாருக்கும் வரும்

1978-இல் ஸ்டான்லி ராக்மனும், இலங்கையில் பிறந்து லண்டனில் பணியாற்றிய பத்மல் டி சில்வாவும் ஓர் எளிமையான ஆய்வு செய்தார்கள். எந்த மனநோயும் இல்லாத சாதாரண ஆட்களிடம் கேட்டார்கள்: உங்களுக்கு வேண்டாத, கேவலமான, பயங்கரமான எண்ணங்கள் திடீரென்று வருமா? 124 பேரில் 99 பேர் ஆமாம் என்றார்கள். கிட்டத்தட்ட 80 சதவீதம். பக்கத்தில் இருப்பவரை அடிப்பது, யாரையோ தள்ளிவிடுவது, இடம் பொருள் தெரியாமல் ஆபாசமாக எதையோ கத்துவது. நோயாளிகளின் எண்ணங்களையும் சாதாரண ஆட்களின் எண்ணங்களையும் கலந்து கொடுத்தபோது, எது யாருடையது என்று நிபுணர்களாலேயே எப்போதும் சரியாகப் பிரிக்க முடியவில்லை.

அப்போ வித்தியாசம் எங்கே? சாதாரணமாக ஒருவர் "சே, என்ன எண்ணம் இது" என்று தாண்டிப் போய்விடுவார். ஓசிடி இருப்பவர் அங்கேயே நின்று, இது ஏன் எனக்கு வந்தது, நான் யார், நான் செய்துவிடுவேனா என்று விசாரணை தொடங்கிவிடுவார்.

இந்த ஆய்வு எனக்கு ஏன் முக்கியம் என்று சொல்லணும். என் 21 வயதிலிருந்து 24 வரை, எலக்ட்ரிக் ட்ரெய்ன் பிளாட்ஃபார்மில் நிற்கும்போதெல்லாம் பக்கத்தில் நிற்கும் குழந்தையைத் தண்டவாளத்தில் தள்ளிவிடுவேனோ என்ற காட்சி கண்முன்னே வரும். சுவரோடு ஒட்டி, கையைப் பாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டு நிற்பேன். பிறகு ட்ரெய்னில் ஏறி, நிஜமாகவே தள்ளிட்டேனோ என்று ஒவ்வொரு நொடியையும் மனசுக்குள் ரீவைண்ட் செய்து பார்ப்பேன். வெளியிலிருந்து பார்த்தால் அமைதியான பையன். நான் கை கழுவவில்லை, எதையும் வரிசையாக அடுக்கவில்லை. என் அறை குப்பைத்தொட்டி மாதிரி இருக்கும். அதனால் இதுதான் ஓசிடி என்று எனக்கே தோன்றவில்லை. சொன்னால் கொலைகாரன் என்று நினைப்பார்கள் என்ற பயம் வேறு.

ஒருநாள் சைக்கியாட்ரிஸ்ட் முன்னாடி உட்கார்ந்து சொல்லி முடித்தேன். அவர் முகம் மாறவே இல்லை. "எத்தனை வருஷமா?" என்று மட்டும் கேட்டார். அந்த ஒரு கேள்வியில் பாதி பாரம் இறங்கியது. மிச்சப் பாதிக்கு ஒன்றரை வருஷம் ஆனது, மாத்திரையும் ஈஆர்பியும் சேர்ந்து.

அம்மாவிடம் சொன்னபோது, "நீ எறும்பைக்கூட மிதிக்க மாட்டியேடா" என்றார். உண்மைதான், பாயிண்ட்டே அதுதான். பன்யனுக்குக் கடவுள் முக்கியம், அதனால் எண்ணம் அங்கே கடித்தது. மத்மசெல் எஃப்-க்கு நேர்மை முக்கியம், அங்கே கடித்தது. புதுசாகக் குழந்தை பெற்ற தாய்க்குக் குழந்தைக்குத் தீங்கு செய்துவிடுவேனோ என்று வரும். எது நமக்கு ரொம்பப் பிரியமோ அங்கேதான் இந்த நோய் கை வைக்கும். அதைச் சொன்னால் குழந்தையைப் பிரித்துவிடுவார்களோ என்று வாயைத் திறக்காத அம்மாக்கள் இருக்கிறார்கள். ஸ்டிக்மா என்று சொல்வது இதைத்தான்.

இவ்வளவு பேரா?

ஒரு காலத்தில் ஓசிடி 2000 பேரில் ஒருவருக்குத்தான் வரும், அதாவது 0.05 சதவீதம், என்று மதிப்பிட்டிருந்தார்கள். 1980-களில் அமெரிக்காவில் ஐந்து இடங்களில் வீடு வீடாகப் போய்க் கேட்டபோது, வாழ்நாளில் 2 முதல் 3 சதவீதம் பேருக்கு இருப்பதாகத் தெரிந்தது. நோய் திடீரென்று பெருகவில்லை. அதுவரை எல்லாரும் மறைத்து வைத்திருந்தார்கள். 1989-இல் குளோமிப்ரமின் என்ற மருந்துக்கு ஓசிடிக்காக அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அதே வருஷம் ஜூடித் ராபபோர்ட் என்ற மருத்துவர், கழுவுவதை நிறுத்த முடியாத சிறுவனைத் தலைப்பாக வைத்து எழுதிய புத்தகம் வந்தது. படித்தவர்கள், இது எனக்கும் இருக்கே என்று டாக்டரிடம் வர ஆரம்பித்தார்கள். 2013-இல் அமெரிக்க மனநல வகைப்பாட்டு நூல் ஓசிடிக்குத் தனி அத்தியாயமே கொடுத்தது.

நம்ம நாட்டுக்கும் இதில் பங்கு உண்டு. 1975-இல் சண்டிகரிலிருந்து சல்மான் அக்தர், என்.என். விக் உள்ளிட்ட குழு, 82 நோயாளிகளின் அனுபவத்தை நுணுக்கமாகப் பிரித்து வெளியிட்டது. உலகம் முழுக்க மேற்கோள் காட்டப்படும் ஆய்வு அது. அவர்கள் அதிகம் கண்ட வகை எது தெரியுமா? சந்தேகம். பூட்டினேனா, செய்தேனா, சொன்னேனா.

வங்காளத்தில் ஓயாமல் சுத்தம் பார்ப்பவர்களுக்கு 'சுசிபாய்' என்று ஒரு சொல்லே இருக்கு. நம்ம பக்கம் மடி, ஆசாரம், தீட்டு என்ற சொற்களுக்குள் இது சுலபமாக ஒளிந்துகொள்ளும். பாட்டிக்குச் சுத்தம் ஜாஸ்தி என்று சொல்லி முடித்துவிடுவோம். மடி பார்ப்பது நோய் இல்லை, பக்தியும் நோய் இல்லை. பூஜை முடிந்ததும் மனசு நிறைந்தால் அது பக்தி. முடிந்ததும் சரியாகச் செய்யலையோ என்று பதினைந்தாவது தடவை திரும்பத் தொடங்கி, அழுதுகொண்டே செய்தால், அங்கே ஒருவர் உதவிக்குக் காத்திருக்கிறார்.

நாலாவது பேர்

பாவம், பைத்தியம், வளர்ப்புக் கோளாறு. மூன்று பேர் பார்த்தோம். நம் காலம் கொடுத்த நாலாவது பேர் ஜோக். டிவி சீரியலில் வரும் சுத்தக்கார துப்பறிவாளர், மீம், மக் மேல் அச்சடித்த வாசகம். முந்தைய மூன்றைவிட இது மென்மையானதுதான். ஆனா இதற்கும் ஒரு விலை இருக்கு. ஓசிடி என்றால் நேர்த்தி என்று ஆகிவிட்ட பிறகு, பிளாட்ஃபார்மில் சுவரோடு ஒட்டி நிற்பவருக்குத் தன் நோயின் பேரே தெரியாமல் போய்விடுகிறது. பேர் தெரியாதவர் டாக்டரிடம் போக மாட்டார்.

அதனால் இரண்டு சின்ன விஷயம். ஒன்று, யாராவது தைரியம் சேர்த்து உங்களிடம் ஒரு பயங்கரமான எண்ணத்தைச் சொன்னால், முகம் மாறாமல் கேளுங்க. "எத்தனை வருஷமா?" என்று கேளுங்க. இரண்டு, வீட்டில் ஒருவர் "கேஸ் ஆஃப் பண்ணிட்டேனா?" என்று நாற்பதாவது தடவை கேட்டால், நாற்பதாவது தடவையும் "பண்ணிட்ட" என்று சொல்வது பாசம்தான், ஆனா அது பத்து நிமிஷம்கூடத் தாங்காது. அதட்டவும் வேண்டாம். "இது அந்தச் சந்தேகம் பேசுது, நாம சேர்ந்து கொஞ்ச நேரம் தாங்கிப் பார்ப்போம்" என்று கூட உட்காருங்க. இதை எப்படிச் செய்வது என்று தெரபிஸ்ட் குடும்பத்துக்கும் சொல்லித்தருவார்.

உங்களுக்கே இப்படி இருந்தால், அரசின் டெலி மானஸ் எண் 14416. இலவசம், எந்த நேரமும், தமிழிலும் பேசலாம். அரசு மருத்துவமனைகளின் மனநலப் பிரிவுக்கும் நேராகப் போகலாம். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டப்படி, உடல் நோய்க்கு எந்த அடிப்படையில் மருத்துவக் காப்பீடு உண்டோ அதே அடிப்படையில் மனநோய்க்கும் கொடுக்கணும். உங்க கம்பெனி பாலிசியை எடுத்துப் பாருங்க, ஹெச்ஆரிடம் கேளுங்க.

1838-இல் மத்மசெல் எஃப் தன் பயம் அர்த்தமில்லாதது என்று தெளிவாகத் தெரிந்துகொண்டே வாழ்ந்தார், வழி சொல்ல அப்போது யாருக்கும் தெரியாது. இன்றைக்குத் தெரியும். இந்த எபிசோடை ஒருவருக்கு அனுப்பணும் என்று தோன்றினால் அனுப்புங்க, ஏன் அனுப்பினேன் என்று விளக்கம்கூடச் சொல்ல வேண்டாம். அடுத்த எபிசோடில் பார்ப்போம்.